படத்தை நடுவில் வைத்துக் கதைப்பது: ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்துக்கான விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது: கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். மாதக் கூட்டத்தில் மூன்று பேர்தான் கதைக்கிறார்கள். மற்றவர்கள் கையெழுத்து வைத்துவிட்டு எழும்பிப் போகிறார்கள். சேகரிப்பு நிலையத்தில் பால் திருப்பி அனுப்பப்படுகிறது, கொடுப்பனவு பிந்துகிறது, பெண்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. உறுப்பினர்களைக் கொண்டு படம் எடுப்பித்து, அதை வைத்துக் கதைத்தால் சங்கத்துக்குள் மாற்றம் வரும் என்று சொல்கிறார்கள், உண்மையா, எப்படிச் செய்வது என்று பணிப்பாளர் சபையில் உள்ள ஒருவர் கேட்டிருக்கிறார்.

வரும். ஆனால் படம் எடுத்த கையோடு வராது. எடுத்தவர் தன் படத்தைப் பற்றிச் சொல்வதை, முடிவெடுக்கக்கூடியவர்கள் இருந்து கேட்டால்தான் வரும். படம் எடுப்பதை எல்லாரும் உற்சாகமாகச் செய்துவிடுவார்கள். கேட்பதுதான் கைநழுவிப் போகும். ஆகவே இந்தப் பதிலில் பாதிக்கு மேல் கேட்கும் விதத்தைப் பற்றியே இருக்கும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 1957இல் ஜோன் கொலியர் என்ற மானிடவியலாளர், படம் காட்டிச் செய்த நேர்காணலையும் காட்டாமல் செய்த நேர்காணலையும் ஒப்பிட்டு, படம் இருந்தபோது மக்கள் கூடுதல் விபரத்தோடும் திசைமாறாமலும் கதைத்தார்கள் என்று எழுதினார். 1992இல் சீனாவின் யுனான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 62 கிராமத்துப் பெண்களின் கையில் கமராவைக் கொடுத்தார்கள். அந்தப் படங்களும் அவற்றைச் சுற்றிய பேச்சும் குழந்தை பராமரிப்பு, மருத்துவிச்சிப் பயிற்சி, பெண் பிள்ளைகளின் படிப்புக்கான உதவி ஆகியவற்றில் அதிகாரிகளின் முடிவுகள்வரை போய்ச் சேர்ந்தன. இன்று ‘போட்டோவொய்ஸ்’ என்று சொல்லப்படுவது அதுதான்.

அதற்கு முன்பே, 1973இல் பெரு நாட்டில், பிரேசில் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரியின் வழியைப் பின்பற்றிய ஓர் எழுத்தறிவுத் திட்டத்தில் நடந்ததை நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் பதிவு செய்திருக்கிறார். ‘சுரண்டல் என்றால் என்ன?’ என்ற கேள்விக்குப் படத்தாலே பதில் சொல்லும்படி கேட்டபோது, ஒரு சிறுவன் சுவரில் அடித்த ஆணி ஒன்றைப் படம் எடுத்து வந்தான். பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றச் சிறுவர்களுக்கு உடனே விளங்கியது. சப்பாத்துத் துடைக்கும் அந்தப் பிள்ளைகளின் வீடு நகரத்திலிருந்து வெகுதூரம். பாரமான பெட்டியை நாளாந்தம் சுமக்க முடியாது. இரவில் பெட்டியைத் தொங்கவிடக் கடைச் சுவரில் ஓர் ஆணியை வாடகைக்கு எடுத்தார்கள். படத்தில் தெரிந்தது ஆணி மட்டும்தான். மீதியை எடுத்தவன்தான் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் சங்கத்திலும் இதே நடக்கும்: தலைவருக்கு விளங்காத படம்தான் பெரும்பாலும் பெறுமதியான படம்.

தொடங்குவதற்கு முன்னர் பணிப்பாளர் சபை இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றிக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். முதலாவது, இந்த வேலையில் வரும் எந்தப் படத்தையும் யார்மீதும் ஒழுக்காற்று நடவடிக்கைக்குப் பயன்படுத்த மாட்டோம். இரண்டாவது, படம் எடுத்தவர்களைக் குறித்த ஒரு திகதியில் சபை முழுவதுமாக இருந்து கேட்கும், குறைந்தது மூன்று விடயத்தில் அன்றைக்கே முடிவு சொல்லும். இந்த இரண்டுக்கும் சபை இணங்காவிட்டால் தொடங்க வேண்டாம் என்பதே எனது உறுதியான கருத்து. முதலாவது இல்லாவிட்டால், பால் சேகரிக்கும் தம்பியின் மோட்டார் சைக்கிள் பிந்தி வந்த படம் அவருக்கு எதிரான சாட்சியமாகிவிடும். அடுத்த கிழமை ஒருவரும் படம் தரமாட்டார்கள். இரண்டாவது இல்லாவிட்டால், சனம் வாய் திறந்து சொன்னது காற்றோடு போகும். அதற்குப் பிறகு அவர்களைக் கதைக்க வைப்பது முன்னரைவிடக் கடினம்.

இனி வன்னிக்கென்றே யோசிக்க வேண்டிய ஒன்று. இங்கே ஒருவர் கமராவைத் தூக்கினால் எதிரே நிற்பவரின் மனதில் பல நினைவுகள் ஒன்றாக எழும். நிவாரணப் பொதியோடு வரிசையில் நிற்கவைத்து எடுத்த படங்கள். போராட்டத்திலும் நினைவேந்தலிலும் யாரென்று தெரியாதவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போன படங்கள். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் கையில் ஏந்தியிருந்த, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்கள். 2009இல் இடம்பெயர்ந்து ஓடும்போது அல்பங்களை எங்கோ கைவிட்ட வீடுகள் எத்தனையோ. இவை ஒவ்வொன்றுக்கும் நடைமுறையில் ஒரு பதில் வேண்டும்.

நிவாரண நினைவு இருப்பதால், முதல் நாளே ‘இந்தப் படத்தால் மாடோ காசோ வீடோ கிடைக்காது, சங்கத்தின் வேலைமுறையை மாற்றத்தான் எடுக்கிறோம்’ என்று நேரடியாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எல்லாரும் உடைந்த கூரையையும் மெலிந்த கன்றையும் எடுத்து வருவார்கள். அது அவர்களின் பிழை இல்லை. இதுவரை கமரா கேட்டதெல்லாம் அதுதான்.

கண்காணிப்பு நினைவு இருப்பதால், முதல் சுற்றில் முகம் வேண்டாம். கை, கருவி, இடம், பாதை, புத்தகம், நிழல் போதும். படை முகாம், சோதனைச் சாவடி, சீருடை எதுவும் சட்டகத்துக்குள் வரக்கூடாது. தெருவோரத்து நீளப் படங்களில் இவை தெரியாமல் வந்துவிடும் என்பதால் எடுத்தவுடன் ஓரங்களைப் பெருப்பித்துப் பார்க்கப் பழக்குங்கள். கைபேசிக் கமராவின் அமைப்புக்குள் போய் இடக்குறியீட்டை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த இடம் பதிந்திருக்கும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் நல்ல கோணம் தேடி ஒரு அடிகூட வைக்கக்கூடாது என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படத்தை யாராவது படமெடுத்து வந்தால், அதை மற்றப் படங்களைப் போலக் கேள்விகளுக்குள் போடாதீர்கள். ‘அக்கா, இதைப் பற்றிச் சொல்ல விருப்பமோ, இல்லாட்டி சும்மா எங்களோட இருக்கட்டுமோ?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்கிறபடி செய்யுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தரை முன்கூட்டியே அறிமுகம் செய்து வைத்திருப்பது நல்லது.

அனுமதி மூன்றாகப் பிரிய வேண்டும். எடுப்பதற்கு, சங்கத்துக்குள் காட்டுவதற்கு, வெளியே காட்டுவதற்கு. ஒரே படிவத்தில் ஒரே கையெழுத்தாக வாங்கினால் மக்கள் மூன்றாவதைக் கவனிக்காமலே ஒப்பம் வைப்பார்கள். கணக்கில்லாத படிவங்களில் ஒப்பம் வைத்துப் பழகிய கைகள் அவை. வாயால் வாசித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேளுங்கள். சிறுவர்களின் படம் இந்த வேலைக்குத் தேவையில்லை, விட்டுவிடலாம். இரண்டாம் சுற்றில் யாருடைய முகமாவது வந்தால், அவருக்கு ஒரு பிரதியைக் கட்டாயம் கொடுங்கள். அல்பம் இழந்த வீட்டில் ஒரு நல்ல பிரதி சுவருக்கு ஏறும்.

யாரைச் சேர்ப்பது? ஏழு முதல் பத்துப் பேர். எட்டு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கறக்கும் பெண்கள் மூவர், காட்டோரத்தில் பெரிய பட்டி வைத்திருப்பவர் ஒருவர், இரண்டு மாட்டோடு இருப்பவர் ஒருவர், பாலைச் சேகரித்துக் கொண்டுவருபவர், நிலையத்தில் சோதனை செய்பவர், சபை உறுப்பினர் ஒருவர். தலைவரும் முகாமையாளரும் இந்த எட்டுக்குள் வேண்டாம். பிறகு ஒரு கட்டத்தில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. பெண்களைத் தெரிவு செய்யும்போது உறுப்பினர் பதிவேட்டை மட்டும் பார்க்காதீர்கள். கறப்பதும் கழுவுவதும் பெண், பங்கும் வங்கிக் கணக்கும் ஆணின் பெயரில் என்ற நிலை உங்கள் சங்கத்திலும் இருக்கக்கூடும். அப்படியானால் கூட்டத்துக்கு வராத பெண்களுக்கு அழைப்பே போயிருக்காது.

வழிநடத்துபவர் செயலாளராக இருக்கக்கூடாது, உதவி வழங்கும் நிறுவனத்தின் ஆளாகவும் இருக்கக்கூடாது. அயற்சங்கத்தில் உள்ள ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நூலகர் பொருத்தமாக இருப்பார்கள். கதைப்பதைவிடக் கேட்பது பிடித்தவராகப் பாருங்கள்.

காலம் முக்கியம். காலபோக விதைப்பும் அறுவடையும் நடக்கும் நாட்களில் ஆட்கள் வரமாட்டார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் பிறகு, ஜூன் நடுப்பகுதி தொடங்கி ஓகஸ்ட்வரை முதல் சுற்றைச் செய்யலாம். ஆனால் அந்த மாதங்களில் வெயிலும் பால் திரும்புவதும்தான் படமாகும். மழைக்காலத்தில் வயல் விதைத்தபின் மாடுகளுக்கு மேய்ச்சற்றரை இல்லாமற்போவது அப்போது கண்ணில் படாது. ஆகவே மார்கழிக்கு முன்னர் ஒரு சிறிய இரண்டாம் சுற்று கட்டாயம் வேண்டும். நாளில், காலை கறவையும் பால் கொண்டுபோதலும் முடிந்து மாலைக் கறவைக்கு முன்னர் உள்ள இடைவெளிதான் பெண்களுக்குக் கிடைக்கும் நேரம். பகல் 11 முதல் 1 மணிவரை பலருக்குச் சரிவரும், அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

பயிற்சிக்கு இரண்டரை மணித்தியாலம் போதும். அதில் கமரா நுட்பம் அரை மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டியதில்லை. கண்ணாடி வில்லையைச் சுத்தமான பருத்தித் துணியால் துடைக்க வேண்டும், பால் கறக்கும் கையின் நெய்ப்பசை படிந்தால் எல்லாப் படமும் மங்கலாகத் தெரியும். சூமை இழுக்காமல் கிட்டப் போய் எடுக்க வேண்டும். வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அழகுபடுத்தும் வடிகட்டிகளை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு காட்சியையும் மூன்றாக எடுக்க வேண்டும்: இடம் தெரியத் தூரத்தில் ஒன்று, வேலை தெரிய நடுவில் ஒன்று, பொருள் அல்லது கை தெரியக் கிட்டத்தில் ஒன்று. கைபேசி இல்லாதவர்களுக்குச் சங்கம் இரண்டு கைபேசிகளை மூன்று நாள் முறையில் சுற்றவிடலாம். எழுத விரும்பாதவர்கள் படத்தைப் பற்றிக் குரற்பதிவு செய்து வைத்தால் போதும்.

மீதி நேரம் முழுவதும் கேள்விக்கு. ‘பிரச்சினைகளைப் படம் எடுத்து வாருங்கள்’ என்று அனுப்பினால் குற்றச்சாட்டுத்தான் திரும்பி வரும். நான் பரிந்துரைக்கும் கேள்விகள் மூன்று. ‘கறந்த நேரம் தொடங்கி, காசு கைக்கு வரும்வரை, பால் எங்கெங்கே காத்துக்கொண்டு நிற்கிறது?’ ‘இந்த வேலையில் யாரும் பார்க்காத பகுதி எது?’ ‘எது நன்றாக நடக்கிறது, அதை நடத்துவது யார்?’ மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். குறைகளை மட்டும் சுவரில் ஒட்டினால் நிலையத்தில் வேலை செய்பவர்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்குவார்கள், கேட்க மாட்டார்கள்.

படத்தில் வராத விடயங்களும் உண்டு. கொடுப்பனவு பிந்துவதை எப்படி எடுப்பது? கலண்டரில் வட்டமிட்ட திகதி, வெறுமையான மாட்டுத்தீவனப் பை, பெயர்களைக் கையால் மறைத்து எடுத்த கடைக்கடன் கொப்பி. இப்படி ஒன்றிரண்டு உதாரணம் காட்டினால் மக்கள் உங்களைவிட நல்லவற்றைக் கண்டுபிடிப்பார்கள்.

இரண்டு கிழமை எடுக்க விடுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தம்முடையதில் மூன்றைத் தாமே தெரிவு செய்ய வேண்டும். வழிநடத்துபவர் ‘இது வடிவான படம்’ என்று ஒரு சொல் சொன்னாலும் தெரிவு கெட்டுவிடும், அழகான சூரிய உதயங்கள் வரத் தொடங்கும். தெரிவு செய்த 24 படத்தையும் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் 8×12 அங்குலத்தில், பளபளப்பு இல்லாத தாளில் எடுப்பியுங்கள். பளபளப்புத் தாளில் குழல்விளக்கின் ஒளி தெறிக்கும், சுற்றி இருக்கும் எட்டுப் பேரில் மூவருக்குப் படம் தெரியாது. புரொஜெக்டர் வேண்டாம். எல்லாரும் திரையைப் பார்த்து ஒரே திசையில் இருப்பார்கள், அடுத்த படத்துக்குப் போவது இயக்குபவரின் கையில் இருக்கும், மின்சாரம் நின்றால் அமர்வும் நிற்கும். அச்சிட்ட படம் என்றால் எடுத்துப் பார்க்கலாம், ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைக்கலாம், திரும்பி வரலாம். ஸ்டூடியோவுக்குப் படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது நினைவுச் சில்லில் கொண்டுபோங்கள். இதற்கென்று வட்ஸ்அப் குழு தொடங்க வேண்டாம். ஒரு படம் குழுவுக்குள் போனால் அனுமதி என்பது அதோடு முடிந்தது.

இனி உரையாடல். ஒரு படத்துக்கு 15 முதல் 20 நிமிடம் என்று கணக்கு வைத்தால் இரண்டு மணித்தியாலத்தில் ஆறு படம். 24 படத்துக்கு நான்கு அமர்வு. இதைக் குறைத்து ஒரே நாளில் முடிக்க நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. களைத்தவர்கள் ‘ஓம் ஓம்’ என்று சொல்லிக்கொண்டு போவார்கள். பொதுநோக்கு மண்டபத்தில் மேசையையும் கதிரையையும் ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்து வட்டமாக இருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கதிரை கொடுத்தால், சபை உறுப்பினரையும் அவருக்குப் பக்கத்தில் கதிரையில் இருத்தாமல் பாயிலேயே இருத்துங்கள்.

படத்தை நடுவில் வைத்து ஒரு நிமிடம் ஒருவரும் கதைக்கக்கூடாது. அடுத்ததாக, எடுத்தவரைத் தவிர மற்ற எல்லாரும் கண்ணால் காண்பதை மட்டும் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘என்ன தெரியுது?’ என்பதுதான் கேள்வி. ‘ஏன்’ இன்னும் வரக்கூடாது. சங்கத்தில் குரல் குறைந்தவர் முதலில், சபை உறுப்பினர் கடைசியில். இந்த ஒழுங்கை மாற்றினால், சபை உறுப்பினர் சொன்னதையே மற்றவர்களும் வேறு சொல்லில் சொல்வார்கள். பிறகு எடுத்தவர் மூன்று நிமிடம், இடையில் யாரும் குறுக்கிடாமல். அதன்பின்தான் ‘உண்மையில் இங்க என்ன நடக்குது?’, ‘எங்கட வாழ்க்கையோட இது எப்படிச் சம்பந்தப்படுது?’, ‘ஏன் இப்படிக் கிடக்குது?’, ‘நாங்கள் என்ன செய்யலாம்?’ என்று படிப்படியாக. நான் இன்னொரு கேள்வியையும் சேர்க்கச் சொல்வேன்: ‘படத்துக்கு வெளியில, பக்கத்தில என்ன இருந்தது?’ எடுத்தவர் விட்டுவிட்டதும், எடுக்கத் துணியாததும் அந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும்.

ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம். இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தியில் ஒரு வேம்பு. அதில் சாத்திய சைக்கிளின் ஹாண்டிலில் வெள்ளைப் பிளாஸ்டிக் கான் ஒன்று தொங்குகிறது. மூடி இறுகாததால் இடையில் பொலித்தீன் துண்டு வைத்துத் திருகியிருக்கிறது. மரநிழல் சைக்கிளின் பின் சில்லில் கிடக்கிறது, கான் வெயிலில் நிற்கிறது.

இதைச் சபைக் கூட்டத்தில் காட்டினால் அரை நிமிடத்தில் வரும் தீர்ப்பு ‘உறுப்பினர்களுக்குச் சுத்தம் போதாது, விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைக்க வேண்டும்’ என்பது. கண்ட ஒன்றில் ஒரு துண்டைப் பொறுக்கி, அதற்கு அர்த்தம் கொடுத்து, முடிவுக்கும் அங்கிருந்து நடவடிக்கைக்கும் ஏறிவிடும் இந்தப் பழக்கத்தை நிறுவன ஆய்வாளர் கிறிஸ் ஆர்ஜிரிஸ் ‘ஊகத்தின் ஏணி’ என்று விளக்கினார். ‘என்ன தெரியுது?’ என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல வைப்பது அந்த ஏணியின் கீழ்ப்படியில் எல்லாரையும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கத்தான். எட்டுப் பேரில் ஒருவர் நிழல் விலகியதைச் சொல்வார். ஒருவர் பொலித்தீனைச் சொல்வார். ஒருவர் சந்தியில் வேறு ஆளே இல்லை என்பதைச் சொல்வார்.

பிறகு எடுத்தவர் சொல்கிறார்: ‘நான் அஞ்சு மணிக்குக் கறக்கிறன். ஆறரைக்குச் சந்திக்குக் கொண்டுவந்திடுவன். பால் சேகரிக்கிற தம்பி ஏழுக்கு வாறதெண்டுதான் சொன்னது. அவர் வரேக்க எட்டரை. நான் வைக்கேக்க நிழல் இருந்தது.’ ஏன் பிந்துகிறது? மற்ற ஒழுங்கையில் கான் நிரம்பும்வரை நிற்கிறார். ஏன் நிற்கிறார்? லீற்றர் கணக்கில்தான் அவருக்குக் கூலி, அரைச் சுமையோடு வந்தால் பெற்றோல் காசுக்கும் காணாது. ஏன் லீற்றர் கணக்கு? பாதையோரத்தில் உறுப்பினர்கள் நெருக்கமாக இருந்த காலத்தில் சபை போட்ட விதி, ஆட்கள் குறைந்தபின் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. சூட்டில் மூன்றரை மணித்தியாலம் நின்ற பால், நிலையத்தில் அல்ககோல் கலந்து பார்க்கும் சோதனையில் திரைந்தால் அதில் ஆச்சரியமில்லை. கறந்த இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் 4 பாகைக்குக் குளிரூட்ட வேண்டிய பொருள் அது. கருத்தரங்கு வைத்திருந்தால் அந்தப் பெண் கானை இன்னும் நன்றாகக் கழுவியிருப்பார், பால் திரும்பிக்கொண்டே இருந்திருக்கும். மாற வேண்டியது சபையின் சொந்த விதி: பயணத்துக்கு ஒரு நிலையான தொகையும் அதன்மேல் லீற்றருக்கு ஒரு தொகையும். அதோடு சந்தியில் நாள் முழுக்க நிழல் நிற்கும் ஓர் இடமும், கீறல் விழுந்த பிளாஸ்டிக் கானுக்குப் பதிலாக அலுமினியக் கானும்.

‘ஏன்’ என்பதைக் குறைந்தது மூன்று தடவை கேளுங்கள். பதில் ஓர் ஆளின் பெயரில் வந்து நின்றால் இன்னொரு ‘ஏன்’ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பதில் ‘அரசாங்கம்’ என்று வந்தாலும் அப்படித்தான். இந்தப் படியைத் தாண்டி ‘என்ன செய்யலாம்’ என்பதற்கு ஓடினால், எல்லாப் படமும் ‘குளிரூட்டி வேண்டி அதிகாரிக்குக் கடிதம்’ என்ற ஒரே முடிவில் போய் விழும்.

வழிநடத்துபவர் தன் விளக்கத்தைச் சொல்லக்கூடாது. அமைதி விழுந்தால் மனதுக்குள் பத்துவரை எண்ணட்டும். அநேகமாக ஏழிலோ எட்டிலோ யாராவது கதைப்பார். ‘இது எங்களுக்குத் தெரிஞ்ச விசயம்தானே’ என்று யாராவது மூடப் பார்த்தால், ‘தெரிஞ்சும் ஏன் ஐயா நிக்காமல் நடக்குது?’ என்று மரியாதையோடு கேட்கலாம். ஒருவர் மற்றவரை மறுத்தால், மறுப்பதற்கு முன் அவர் சொன்னதை ஒருதரம் திருப்பிச் சொல்லும்படி கேளுங்கள். எடுத்தவர் சொன்னதில் இரண்டு மூன்று வசனத்தை அவர் சொன்ன பேச்சுமொழியிலேயே படத்தின் பின்பக்கம் எழுதி, வாசித்துக் காட்டி, சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருத்தமான எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம், மாற்றினால் யாருடைய பேச்சென்று தெரியாமல் போகும்.

நான்கு அமர்வும் முடிந்ததும் 24 படத்தையும் நிலத்தில் பரப்பி, ஒன்றோடொன்று சேர்வதைச் சேர்க்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு குவியல் வரும். ஒவ்வொன்றுக்கும் பெயரை அந்தக் குவியலில் உள்ள ஒருவரின் வசனத்திலிருந்தே எடுங்கள்.

சபை கேட்கும் நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், அது கண்காட்சியாக மாறிவிடும் ஆபத்தும் அன்றைக்குத்தான். மங்கள விளக்கு, பொன்னாடை, பிரதம விருந்தினர் எதுவும் வேண்டாம். விருந்தினர் வந்தால் உரை வரும், உரை வந்தால் நேரம் போகும், கடைசியில் படங்களுக்கு முன்னால் நின்று எல்லாரும் ஒரு படம் எடுத்துக்கொண்டு கலைவார்கள். கூட்டுறவுத் திணைக்கள உத்தியோகத்தரை அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள், முடிவுகள் கையில் இருக்கும்போது அவர் வருவது பயனுள்ளது. அன்று படங்களைத் தோள் உயரத்தில் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, சபையினர் இருவர் இருவராக 20 நிமிடம் கதைக்காமல் பார்த்து வரட்டும். பிறகு குவியல் குவியலாக எடுத்தவர்கள் பேச, தலைவரும் முகாமையாளரும் உட்பட ஒவ்வொரு சபை உறுப்பினரும் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஓம், அதுதான் நான் சொன்னது’ என்று எடுத்தவர் ஒப்புக்கொண்ட பிறகே அவர் தன் கருத்தைச் சொல்லலாம். இதற்கு முதலில் சங்கடப்படுவார்கள். ஆனால் பதில் சொல்லும் அவசரத்தில் இருப்பவர் கேட்பவராக மாறுவதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

முடிவுகளை மூன்றாகப் பிரியுங்கள். காசில்லாமல் ஒரு மாதத்துக்குள் செய்யக்கூடியவை, சபைத் தீர்மானம் வேண்டியவை, வெளியே போக வேண்டியவை. மேய்ச்சற்றரை என்றால் பிரதேச செயலகமும் வனத் திணைக்களமும், கிராமத்து உள்வீதி என்றால் பிரதேச சபை. வெளியே போகும் கோரிக்கையோடு படத்தையும் அதன் வசனத்தையும் இணைத்துக் கொடுக்கலாம், மூன்றாவது அனுமதி இருந்தால் மட்டும். அன்றைக்கு மூன்று முடிவு போதும். என்ன, யார், எந்தத் திகதிக்குள் என்று எழுதி, அந்தப் படத்தின் 4×6 பிரதியைக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அடுத்த மாதம் புத்தகத்தைத் திறந்தவுடன் கான் வெயிலில் நிற்பது தெரிய வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில், அதே உயரத்தில் அதே ஆள் மீண்டும் எடுக்க வேண்டும். எங்கே நின்று எடுத்தது என்பதை முதல் தடவையே எழுதி வைக்காவிட்டால் இது சரிவராது. படத்தோடு ஓர் எண்ணையும் வையுங்கள்: திருப்பி அனுப்பிய பால் மாதத்துக்கு எத்தனை லீற்றர் என்பது நிலையப் புத்தகத்திலேயே இருக்கும். ஜூலையையும் ஒக்டோபரையும் ஒப்பிட்டு மகிழாதீர்கள், மழை தொடங்கினால் சூடு தானாகவே இறங்கும். போன வருட ஒக்டோபரோடு ஒப்பிடுங்கள்.

வேறு நிறுவனங்களுக்கும் இதே எலும்புக்கூடு பொருந்தும். வைத்தியசாலையில் நோயாளி எவரும், அவரின் கட்டில் இலக்கமும் குறிப்பேடும்கூட, சட்டகத்துக்குள் வரக்கூடாது. காத்திருக்கும் வாங்கும் அறிவிப்புப் பலகையும் போதும். ஆடைத் தொழிற்சாலையில் உள்ளே எடுக்க எழுத்துமூல அனுமதி வேண்டும், கிடைக்காவிட்டால் பஸ் நிற்கும் இடம் முதல் வாசல்வரை எடுக்கலாம். கடற்றொழிலாளர் சங்கத்தில் காலை ஏலம் முடிந்தபின் அமர்வு வையுங்கள்.

படங்கள் யாருடையவை என்ற கேள்வி பின்னர் வரும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கே உரியது. சங்கத்தின் ஊழியர் வேலையாக எடுத்தது மட்டும் வேறுவிதமாகலாம், அவரோடு தனியாக எழுதிக்கொள்ளுங்கள். உதவி வழங்குபவர்கள் அறிக்கைக்குப் படம் கேட்டால் எடுத்தவரிடம் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்க வேண்டும். தெரிவு செய்யாத படங்களை அச்சிட்ட கிழமையே கைபேசிகளிலிருந்து அழித்துவிடுங்கள், நீக்கியவை தங்கும் கோப்புறையிலிருந்தும் சேர்த்து. தெரிவு செய்த 24ஐ ஒரு நினைவுச் சில்லில் போட்டு, அனுமதிப் படிவங்களோடு ஒரே உறையில் சங்கப் பெட்டகத்தில் வையுங்கள். யாராவது அனுமதியைத் திரும்பப் பெற்றால் அச்சுப் பிரதியை அவர் கையிலேயே கொடுத்து, சில்லில் உள்ளதை அவருக்கு முன்னால் அழித்து, உறையின் மேல் திகதி போட்டுக் குறித்துவிடுங்கள்.